தனி ஃபோல்டரும் ஆரஞ்சுக் குடமும்

எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் பச்சைக் குடத்திலும் உப்புத் தண்ணீர் நீலக் குடத்திலும் இருக்கும். இருபத்தெட்டு வருடமாக இப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு மொண்டாலும் உலையில் உப்புத் தண்ணீர் விழாது. நான் எப்படிப்பட்ட ஆள் என்று விசாரணைக் குழுவுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக இதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

பெயர் சுந்தரபாண்டி. வயது ஐம்பத்தாறு. ஊர் மல்லாங்கிணறு. அருப்புக்கோட்டையில் நம் தண்ணீர் அறக்கட்டளையின் கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது. கோடையில் திருச்சுழி வரைக்கும் நாற்பத்தொரு ஊருக்கு லாரியில் தண்ணீர் அனுப்புகிறோம். எந்த லாரி எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்று முடிவு செய்து, டிரைவருக்கும் ஊர்க்காரர்களுக்கும் மெசேஜ் அனுப்புவது நம் ஆபீஸ் பெண் சத்யபிரியா எழுதிய புரோகிராம். நல்ல புரோகிராம். அது வந்த பிறகு காலையில் டிரைவர்கள் என் மேஜைக்கு வருவது நின்றுபோயிற்று. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

பிரச்சினை லைப்ரரியில். எந்தப் புரோகிராமும் எல்லா வேலையையும் தானே செய்யாது. மற்றவர்கள் எழுதிவைத்த துண்டுகளை எடுத்துக்கொள்ளும். அந்தத் துண்டுகள்தான் லைப்ரரி. நம் சர்வரில் ஓடுவது லினக்ஸ். அதற்கென்று ஒரு கிடங்கு உண்டு. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று சோதித்துப் பார்த்த பிறகே அங்கே எதையும் வைப்பார்கள். கொஞ்சம் பழசாக இருக்கும், ஆனால் சண்டை போடாது. சத்யபிரியா எழுதுவது பைத்தான் மொழியில். அதற்கு வேறொரு கிடங்கு. அங்கே யாரும் எதையும் வைக்கலாம். நேற்று எழுதியது இன்று கிடைக்கும். இரண்டு கிடங்குச் சரக்கையும் ஒரே அலமாரியில் அடுக்கினால், ஒருவர் வைத்ததை மற்றவர் தெரியாமலே மாற்றிவிடுவார். இதை நான் சொன்னபோது சத்யபிரியா சிரித்தாள்.

"அதுக்குத்தான் சார் தனியா ஒரு ஃபோல்டர் போட்டுக்கிறேன். என் லைப்ரரி எல்லாம் அதுக்குள்ளயே கெடக்கும். உங்க அலமாரிப் பக்கமே வரமாட்டேன். எல்லா எடத்துலயும் இப்படித்தான் செய்றாக."

அதாவது தனிக்குடித்தனம். ஒரே சர்வர், ஒரே கூரை, அதற்குள் தனி அடுப்பு.

எங்கள் வீட்டிலும் இதுபோல ஒன்று நடந்தது. அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. மகன் அசோக்குக்குப் போன வருடம் கல்யாணம். மருமகள் பிருந்தா காரியாபட்டியிலிருந்து சீரோடு நான்கு ஆரஞ்சுக் குடம் கொண்டுவந்தாள். ஆரஞ்சுக் குடத்தில் எந்தத் தண்ணீர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது; எது காலியோ அதில் பிடிப்பாள். ஒருநாள் எனக்கு உப்புத் தண்ணீரில் காபி வந்தது. நான் கோபப்படவில்லை. எல்லாக் குடத்திலும் லேபிள் ஒட்டினேன், அவ்வளவுதான். இரண்டே மாதத்தில் ஊருக்கு வெளியே புதுக்காலனியில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

"ஒங்க வீட்ல தண்ணி மோக்கவே பயமா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். என் மனைவி தங்கலட்சுமி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வீடு வீடாக இல்லை.

சித்திரையில் அக்கா கல்யாணத்துக்காக சத்யபிரியா நான்கு நாள் கோவில்பட்டிக்குப் போனாள். திங்கட்கிழமை காலை நான் அவளுடைய தனி ஃபோல்டரை அழித்தேன். அதிலிருந்த லைப்ரரிகளைப் பொது அலமாரிக்கே கூட்டிவர முயன்றேன். கம்ப்யூட்டர் தடுத்தது. இந்த இடம் வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது, தனி ஃபோல்டர் போட்டுக்கொள்ளவும் என்று அதில் வந்தது. மெஷினும் அந்தப் பெண் பக்கமே பேசியது.

மீறிச் செய்வதானால் ஆணையோடு ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். தமிழில் சொன்னால், 'சிஸ்டத்தின் சரக்கை உடை' என்று வரும். உடைப்பது என் நோக்கமில்லை, ஒன்றாகச் சேர்ப்பதுதான். ஆனால் சேர்ப்பதற்கு அவர்கள் வேறு சொல் கொடுக்கவில்லை. அதையே தட்டினேன்.

அவளுடைய புரோகிராம் புது லைப்ரரி கேட்டது. சர்வரின் சொந்த வேலைகள் பழையதைக் கேட்டன. ஒன்றை வைத்தால் மற்றது முறுக்கிக்கொண்டது. ஒன்பது மணிக்கு இரண்டுமே நின்றுவிட்டன.

மேலாளர் ஜான்ராஜ் ஓடிவந்தார். "லாரியெல்லாம் பைபாஸ்ல நிக்குதுய்யா. சத்யாவக் கூப்புடுவமா?"

"கல்யாண வீட்டுப் பிள்ளைய ஏன் சார் தொந்தரவு பண்ணிக்கிட்டு? எங்கிட்டப் பழைய லிஸ்டு இருக்கு" என்றேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கையால் எழுதிய லிஸ்ட். எட்டு டிரைவர்களும் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். மல்லாங்கிணறு லாரி ஓட்டும் மாரிச்சாமி மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, புதுக்காலனிய காணமே. அறுவத்திரெண்டு வீடுண்ணே."

அந்த லிஸ்ட் எழுதியபோது காலனியே கிடையாது. "லிஸ்டுல இல்லாதத நானா எழுத முடியும்? புரோகிராம் சரியாகட்டும், வாரேன்னு சொல்லு" என்றேன். அப்போது என் சட்டைப் பையில் பேனா இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆபீஸ் போன் என் மேஜையில்தான். காலனியிலிருந்து கூப்பிட்ட எல்லோருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னேன். "தோட்டத்து உப்புத் தண்ணிலதான் பிள்ளைக்குப் பால் கலக்குறேன், அது துப்புது சார்" என்று ஒரு பெண் அழுதாள். தேதி, நேரம் போட்டுக் குறித்துவைத்திருக்கிறேன். குழு பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை சத்யபிரியா வந்தாள். வெளிக் கிடங்கு லைப்ரரி புகுந்துதான் சர்வர் படுத்தது என்று ஜான்ராஜிடம் நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அதில் பொய் ஒரு சொல் இல்லை. "அரை மணி நேரம் குடுங்க சார், தனி ஃபோல்டரத் திரும்பப் போட்டுத் தாரேன்" என்று அவள் கண்கலங்கிக் கேட்டாள். விசாரணை முடியும்வரை சர்வரைத் தொடக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் மேல் தப்பில்லை. நான் தட்டிய ஆணை என் பெயரோடு சர்வரில் பதிவாகியிருக்கிறது. குழு அதைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்வதுதான் முறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய லிஸ்டில் முதல் பெயர் எங்கள் தெரு. புதன்கிழமை காலை பிருந்தா மொபெட்டில் இரண்டு ஆரஞ்சுக் குடத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

"மாமா, ரெண்டு கொடம் நல்ல தண்ணி கெடைக்குமா?"

என் கையாலேயே நிரப்பினேன். வியாழக்கிழமை இருந்து சாப்பிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை அசோக்கும் பெட்டியோடு வந்துவிட்டான். "காலனிக்குத் தண்ணி வார வரைக்கும் இங்கனயே இருக்கோம்ப்பா" என்றான். தங்கலட்சுமி பருத்திப் பால் காய்ச்சினாள். நான் லேபிள் எதுவும் ஒட்டவில்லை. நேற்றும் எனக்கு உப்புத் தண்ணீரில்தான் காபி வந்தது. முழுவதையும் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன்.

குழு என்ன தண்டனை கொடுத்தாலும் சம்மதம். சத்யபிரியாவை உடனே வேலைக்குக் கூப்பிடுங்கள். தனி ஃபோல்டர் கேட்டால் கொடுங்கள், இனி அதில் தலையிட மாட்டேன். புரோகிராமில் நாற்பது ஊரையும் இன்றைக்கே ஏற்றிவிடலாம். தாகத்தோடு யாரையும் காக்கவைப்பது பாவம். நாற்பத்தொன்றாவதான புதுக்காலனியை மட்டும் ஐப்பசி மழை வரைக்கும் என் பழைய லிஸ்ட்படியே விட்டுவைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.