பெட்டியில் போட்ட மாத்திரை

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே! வலப்புறம் வீற்றிருக்கும் செயலாளர் அவர்களே! இடப்புறம் பொருளாளர் அவர்களே! முன்வரிசையில், குடியை வென்றும் தலைக்கனம் கொள்ளாத ஒன்பது பெரியவர்களே! அவர்களுக்குப் பின்னால், வென்றவர்களைவிட அதிகமாகக் களைத்துப்போயிருக்கும் பதினான்கு தாய்மார்களே! அந்தப் பதினான்கில் ஒருத்தியாய்த் தூணோரம் அமர்ந்திருக்கும், மறைந்த பெயிண்டரின் மனைவியே! கதவுக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கும் என் தம்பியே! அனைவருக்கும் வணக்கம்.

எண்ணித்தான் சொன்னேன். வீட்டில் எதையும் எண்ணி வைத்தே பழகியவள் நான். ஒரு தலை விட்டுப்போனாலும் எனக்கு நெஞ்சு அடங்காது.

குடியை விட்டவர்கள் தங்கும் இந்த இல்லத்தில் சமையல் என் பொறுப்பு. மேடை என் பொறுப்பு அல்ல. படித்தவளும் அல்ல, பொட்டலம் கட்டி வந்த தாள்களைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கற்றவள். ஆனாலும் இன்று வாய் திறக்காவிட்டால், நாளை பிரார்த்தனையில் எந்த வாயைத் திறப்பேன்?

நம் வாசலில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. புதிதாக வருகிறவர் அதன் முன் நின்று, தன்னைப் பிடித்து வைத்திருந்த அத்தனையையும் அதில் போட வேண்டும். புட்டி, தீப்பெட்டி, சீட்டுக்கட்டு. போட்டதும் பூட்டுவோம், பூட்டியதும் கை தட்டுவோம். அந்தக் கைதட்டலில் அழாதவர் உண்டா? என் கணவர் லாரி ஓட்டுகிறவர்; அவரும் அழுதார். மருந்தென்று ஒன்றைத் தொடாமல், முழங்காலில் நின்றே மீண்டார். அது இறைவன் தந்த மீட்சி. இதை எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன்.

ஆனால் பெயிண்டர் வந்தாரே, நாம் எல்லோரும் ஊமைக்குசும்பன் என்று கூப்பிட்டோமே, அவர் சட்டைப்பையில் ஓர் அட்டை மாத்திரை இருந்தது. குடி ஆசையைத் தணிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை. "அதையும் போடுங்க, ஊன்றுகோல் எதுக்கு?" என்றது ஒரு குரல். போட்டார். அன்று தட்டிய கை போல் என்றுமே தட்டியதில்லை நாம்!

இரண்டாம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அந்தப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"செயலாளர்கிட்ட. கேளுங்க, குடுப்பாரு."

சிரித்தார். "கை தட்டினவங்ககிட்டயே போய்க் கையேந்தச் சொல்றீங்களா?"

மனைவி வந்து, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினாள். "மாத்திரையோட திரும்பி வந்தா இங்க படுக்கை இருக்காதுடி" என்றார். அது பொய்யா? நம் விதி அதுதானே?

அந்த வாரமே வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. பாதி கட்டிய வீட்டில் பிணமாகக் கிடந்தார். ஒரு சுவர் முடிந்திருந்தது. அடுத்த சுவரில் கை எட்டிய உயரம் வரை வண்ணம். அதற்குமேல் வெறும் பூச்சு. பக்கத்தில் தூரிகை காய்ந்து விறைத்திருந்தது. புட்டி காலி.

அவர் விசுவாசம் குறைந்தவரா? இல்லை! வைராக்கியம் இல்லாதவரா? இல்லை! நாம் மெச்ச வேண்டும் என்பதற்காக, தன்னை மீட்டுக்கொண்டிருந்த மருந்தை எறிந்த மனிதர் அவர்!

என்ன அண்ணே? உரக்கச் சொல்லுங்கள். "மாத்திரையும் ஒரு பழக்கந்தானே" என்கிறீர்களா? நீங்க மூக்குக்கண்ணாடி போட்டுத்தானே என்னைப் பாக்குறீங்க? அதுவும் பழக்கந்தான். கழற்றிப் பெட்டியில போட்டுட்டு, தெருவைக் கடந்து வீடு போய்ச் சேருங்க பார்ப்போம்! சிரிக்கிறீர்கள். தூணோரம் இருப்பவள் சிரிக்கவில்லை.

பெரியோர்களே! ஒருவருக்குப் பிரார்த்தனை, ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு இந்தக் கூட்டம், ஒருவருக்குக் கூட்டமே ஆகாது, தனியறையில் ஆலோசகரிடம் அழுதால்தான் ஆறும். விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து எழுகிறவரும் உண்டு. கரை சேர்ந்தவனைப் பார்த்து, "எந்தப் படகில் வந்தாய்?" என்று கேட்டுக் கடலுக்குள் தள்ளுவோமா? என் கணவரின் முழங்கால் கேட்ட வரத்தை இறைவன் கொடுத்தான் என்பதற்காக, இன்னொருவன் உள்ளங்கையில் அதே இறைவன் வைத்ததைத் தட்டிவிட எனக்கு யார் உரிமை தந்தது?

ஆண்டறிக்கையில் மீண்டவர்களின் எண்ணிக்கையை வாசிக்கிறோம். போனவர்களை வாசிப்பதில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்தால் அதற்குக் கணக்கென்றா பெயர்?

செயலாளர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

என் தம்பி வெல்டர். கை நடுக்கம் நின்று, இப்போதுதான் நேர்கோடாகப் பற்ற வைக்கிறான். அதே மாத்திரை அவன் பையிலும் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை அவன் பெட்டி முன் நிற்க வேண்டும். நேற்று என்னிடம், "போட்டுடட்டுமாக்கா? உனக்கு மானக்கேடு வேண்டாம்" என்றான். "போட்டா நான் உன் அக்கா இல்லடா" என்றேன். போடாவிட்டால் இங்கே இடமில்லை. வெளியே அவன் அறைக்குக் கீழே சாராயக்கடை.

இவ்வளவு நேரம் செவிசாய்த்த தலைவருக்கும், பெரியோருக்கும், தன் துயரத்தைச் சபையில் சொல்ல எனக்கு அனுமதி தந்த அந்தச் சகோதரிக்கும் நன்றி கூறி, தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

செயற்குழுவிடம் ஒரே கேள்வி. என் தம்பி மாத்திரையோடு இந்த இல்லத்தில் தங்கலாமா, கூடாதா? இரண்டில் எதுவானாலும் சனிக்கிழமைக்குள் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.