சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றவன்

டெலிவிஷன் பெட்டியின் பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் படம் தெரியும். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அதில் ஒரு வித்தியாசமும் கிடையாது. பின்மூடியைக் கழற்றி உள்ளே கை விடுகிறவனுக்குத்தான் வித்தியாசம். ஒரு விதமாகச் செருகினால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் சும்மா இருக்கும். திருப்பிச் செருகினால் அதில் கரண்டு நிற்கும். சுப்புராயன் சார் இதை எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார், ஐயா. சொல்லித்தரவில்லை என்று அவரை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருப்பது நியாயமில்லை. அதற்காகத்தான் சேலத்திலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

என் பெயர் அரங்கநாதன். சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, தவறாமல் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். அவர்கள் கூப்பிடுவதற்குள் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. நிலத்தைத் தம்பிகள் பார்த்துக்கொண்டார்கள். நான் கச்சிராயப்பாளையத்தில் மாமனார் வீட்டில் வந்து தங்கினேன். மனைவி அமிர்தம் அடுத்தவர் கொல்லையில் களை வெட்டப் போனாள். சாப்பிடும்போது மாமனார் என் தட்டைப் பார்ப்பார்.

அந்த ஊரிலேயே சுப்புராயன் சார் டி.வி. மெக்கானிக் வகுப்பு ஆரம்பித்தபோது போய்ச் சேர்ந்துகொண்டேன். அரும்பு மீசைப் பையன்களோடு பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. பெரியப்பா என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். சடையன் மட்டும்தான் அண்ணே என்று கூப்பிட்டான். அவனுக்கு வெள்ளிமலை. மலைப் பஸ்ஸில் இறங்கி வந்து படித்துவிட்டுப் போவான். நாங்கள் இருவரும் ஒரே மேசை.

சாருடைய வகுப்பில் ஒரு முறை உண்டு. ஓடுகிற பெட்டியில் வேலை செய்யும்போது ஒருவன் கை வைக்க வேண்டும், இன்னொருவன் டெஸ்டரோடு சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்கிறவன் டெஸ்டரைச் சட்டத்தில் வைத்துப் பார்த்து, விளக்கு எரியவில்லை என்றால் "சும்மா இருக்கு" என்று சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் மற்றவன் தொடலாம். தானே சோதித்துத் தானே தொட்டால் சாருக்குக் கோபம் வந்துவிடும். "கூட நிக்கறவன்தாண்டா பாக்கணும். அப்பதான் ரெண்டு பேருக்கும் பயம் இருக்கும்" என்பார். நல்ல முறைதான். இப்போதும் அதில் குறை சொல்லமாட்டேன்.

சேலத்தில் ஒரு டி.வி. கடையில் மெக்கானிக் வேலைக்கு ஒரே ஒரு ஆள் கேட்டார்கள். சார் சடையனைச் சொன்னார். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மலைச்சாதி என்பதால் அவனுக்கு அரசாங்க வேலைக்கு வழி இருந்தது, எனக்கு இந்த ஒரு வழிதான் என்று நினைத்துக்கொண்டேன். சாதிச் சான்றிதழுக்காக அவன் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வெறுங்கையோடு திரும்பி வருவது எனக்குத் தெரியும். "மலைக்காரன்னா நம்ப மாட்டேன்றாங்கண்ணே. மலையவே எறக்கிக் கொண்டாந்து காட்டணும் போலக்குது" என்று சிரிப்பான். நானும் கூடச் சிரிப்பேன்.

பிறகு அந்த மறியல் வாரம் வந்தது. இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் புளிய மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். படிப்பிலும் வேலையிலும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கோரிக்கை, நானும் ஒருநாள் போய் அவர்களோடு நின்றேன். பஸ் ஓடவில்லை. சார் கள்ளக்குறிச்சியில் மாட்டிக்கொண்டார். வகுப்புச் சாவி என்னிடம் இருந்தது. மலைக்குத் திரும்ப முடியாமல் சடையன் வகுப்பிலேயே படுத்துக்கொண்டான். அமிர்தம் அவனுக்கும் சேர்த்துக் களி கிண்டிக் கொடுத்தனுப்புவாள்.

அன்று காலையும் கொண்டுபோனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தூக்கு கழுவப் போனவன் ஈரக் காலோடு வந்தான். டீக்கடைக்காரருடைய பெட்டி ஒன்று பாதி வேலையில் கிடந்தது.

"சும்மா தான கீறோம், இத்த முச்சிடலாம்ண்ணே" என்றான்.

மேசைக்குக் கீழே போட ரப்பர் விரிப்பு இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். விரிப்பு இருந்தது. அவன் வெளியே போயிருந்தபோது அதை எடுத்து, கால் துடைக்க ஆகட்டும் என்று வாசலில் போட்டேன். இப்போது போனாலும் அங்கேதான் கிடக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினேன். அவன் உட்கார்ந்ததும் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். விளக்கு நன்றாகவே எரிந்தது. கையால் மறைத்துக்கொண்டேன்.

"சும்மா இருக்குடா" என்றேன்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு கையையும் உள்ளே விட்டான். சுவிட்சை அணைக்க வேண்டியது என் பொறுப்பு. அணைத்தேன். கொஞ்சம் தாமதித்து அணைத்தேன், அவ்வளவுதான்.

பிறகு ரோட்டுக்கு ஓடி வண்டி கேட்டுக் கத்தினேன். அதை ஊரே பார்த்தது. வண்டி வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் மரத்தை வெட்டிப் போட்ட பையன்களே கோடாலியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவனைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு, ஒவ்வொரு மரமாகத் தாண்டி, தோள் மாற்றித் தோள் மாற்றிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். யார் எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. பிழைத்துவிடுவானோ என்று ஆஸ்பத்திரி வரைக்கும் கவலையாக இருந்தது.

நீங்கள் பிடித்துப் போவதற்கு முன்பே சார் அழுதுகொண்டே சேலத்துக்கு என் பெயரைச் சொல்லி அனுப்பினார். வேலை நன்றாகப் போகிறது. அமிர்தம் களை வெட்டப் போவதில்லை. கடையில் நான் யாரையும் கூட நிறுத்திக்கொள்வதில்லை, நானே சோதித்து நானே தொடுகிறேன்.

வேலைக்காகத்தானே செய்தாய் என்று கேட்டீர்கள். அன்று காலை களியைத் தின்றுகொண்டே அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணி களவெட்டப் போய்க்கினு கீறாங்க, நான் எப்டிண்ணே சேலத்துக்குப் போறது? நீ போண்ணே. உனக்கும் வயசாவுது. சார் வந்ததும் நான் சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டுச் சின்னப் பையனைத் தட்டுவதுபோல என் தோளில் தட்டினான். அதற்குப் பிறகுதான் தூக்கு கழுவ எழுந்து போனான். அந்த வேலை அப்போதே எனக்குக் கிடைத்துவிட்டது, ஐயா. அதனால் அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்காக ஒருவனைக் கொல்லுகிற ஆள் நான் இல்லை.