மாரிக்கு முன் இறைக்கும் கிணறு

அகதிகளின் குடும்பங்களுக்கு டென்மார்க் அனுமதி தராமல் இழுத்தடித்த காலம். ஓல்போர்க்கில் பனி கொட்டிய ஒரு காலை, பேருந்தில் எனக்கு முன்னே இரண்டு தமிழர்கள். இளையவர் சொன்னது என்னை நிமிரவைத்தது:

"அண்ணை, ஊரிலை கிணத்தை இறைக்கச் சொல்லி மனிசிக்கு எழுதிப்போட்டன்."

"இந்தப் பனிக்குள்ளை உனக்குக் கிணத்துக் கவலையோ?"

"மாரி மழைக்கு முதல் சேறு அள்ளோணும். நான்தான் இறங்கிறனான். அடியிலை ஊத்துத் தண்ணி காலிலை படேக்கை சில்லெண்டு இருக்கும்."

"போன வருசம் இறைக்கேல்லையோ?"

"வேண்டாமெண்டு எழுதினனான். விசா வந்திடும், பிறகு கிணறு ஆருக்கெண்டு."

"மாரிக்கு இன்னும் எத்தினை மாசம் கிடக்கு! அதுக்குள்ளை உன்ரை மனிசியும் பிள்ளையும் இஞ்சை வந்திடுவினம்."

"மூண்டு வின்ரர் பனியிலையும் இதைத்தானே சொல்லுறியள், அண்ணை. பிள்ளை நல்ல தண்ணி குடிக்கட்டும்."