தராசு அக்கா எடுத்துவைத்த நகல்

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, திட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, மகளே, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே! வணக்கம் சொல்லும் வேளை அல்ல இது. ஆயினும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்பதால் அழைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், களைப்பாக இருக்கிறது. என்னைவிட வயதில் இளையவருக்கு நான் இரங்கல் உரைக்க நிற்கிறேன். இளையவர்தான், ஆனாலும் நானும் அவரை அக்கா என்றே அழைத்தேன். இந்த அலுவலகத்தில் வேறு எப்படி அழைப்பது?

உறவினர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் செய்வது நோயாளிக்கு மருந்து ஏற்றும், இதயத் துடிப்பையும் திரையில் காட்டும் கருவி. அதற்குள் ஒரு சிறு கணினி. அந்தக் கணினியின் நடுவே கெர்னல் என்று ஒன்று உண்டு. மோட்டாரை ஓட்டுவது அதன் பொறுப்பு. செவிலியர் பார்க்கும் திரை, தொடும் பொத்தான் எல்லாம் அதற்கு வெளியே இருக்கும் நிரல்களின் வேலை. வெளியே சொன்ன அளவு உள்ளே போக வேண்டும். எப்படிப் போவது? யார் எழுதுவது, யார் படிப்பது? நம் மூத்த பொறியாளர், நம் தராசு அக்கா, தம் பணிக்காலம் முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கே கொடுத்தார்.

அந்தப் பெயர் எப்படி வந்தது? முன்பு ஒருமுறை சோதனையில் ஒரு கருவி வரம்பு மீறி மருந்தைத் தள்ளியது. மறுபடி ஓட்டினால் ஒழுங்காக ஓடியது. மோட்டாரைக் குறை சொன்னோம். மோட்டாரை மாற்றினோம். சில வாரம் கழித்து மறுபடியும் தள்ளியது. அக்கா சோதனையாளரை உட்காரவைத்து, “நிதானமா அழுத்தாதீங்க தம்பி. நாலு பேர் ஒரே நேரத்துல கூப்பிடுற நர்ஸ் மாதிரி அழுத்துங்க” என்றார். அவர் ஐந்து என்று அழுத்தி, உடனே ஒரு பூஜ்யத்தையும் அழுத்தினார். மோட்டார் பாய்ந்தது.

நடந்தது இதுதான். நிரலும் கெர்னலும் நினைவகத்தில் ஒரே பக்கத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தன. கெர்னல் அந்தப் பக்கத்தைப் பார்த்தது. ஐந்து, வரம்புக்குள் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. மோட்டாருக்கு அனுப்ப அதே இடத்தை மறுபடி படித்தது. அதற்குள் அங்கே ஐம்பது. சரிபார்த்தது ஒன்று, அனுப்பியது இன்னொன்று! இத்தனை பேர் படித்த வரிகள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அன்று அக்கா எங்களிடம் கேட்டார்: “காய்க்காரர் தராசுத் தட்டுல கைய வச்சிருக்கும்போதே எடை சரின்னு சொல்வீங்களா?” பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. அவர் வகுத்த முறை எளியது. வெளியிலிருந்து வருவதை ஒரே ஒருமுறை கெர்னல் தன் சொந்த இடத்தில் நகலெடுக்க வேண்டும். நகலைச் சரிபார்க்க வேண்டும். அந்த நகலையே அனுப்ப வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

அவரைப் பிடிவாதக்காரர் என்பார்கள். அப்படியா? நேரத்தையும் இதயத் துடிப்பின் அலைகளையும் நிரல்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ள வழி செய்தவர் அவர்தானே? அங்கே கெர்னல் மட்டும் எழுதும், மற்றவை படிக்க மட்டும் செய்யும். நகல் தேவையில்லை என்று அவரே வாதாடினார். எங்கே கொடுக்கலாம், எங்கே வாங்கும்போது விழிக்க வேண்டும் என்று பிரித்தறிந்தவரைப் பிடிவாதக்காரர் என்பது நியாயமா?

கருவிக்கான நிரலின் புதிய பதிப்பில் வேகத்துக்காக எல்லா நகலையும் நீக்கிவிட்டோம். மருந்தளவின் நகலையும் சேர்த்து. அக்கா ஒப்புதல் தர மறுத்தார். திட்டத் தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“எல்லாத்துக்கும் ஒரே வழின்னா புரோகிராம் சுத்தமா இருக்கும் அக்கா. இந்தத் துளியூண்டு நகலுக்காகவா இவ்வளவு இழுக்கணும்?”

“துளியூண்டுதானே. இருந்துட்டுப் போகட்டுமே, என்ன கனக்குது உங்களுக்கு?”

அந்தப் பேச்சு முடியவில்லை. அதற்குள் அக்கா மருத்துவமனையில் படுத்துவிட்டார். அவர் கணவர் சொன்னது இது: கையில் ஊசி ஏறியிருக்க, செவிலியரிடம் இந்தக் கருவியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று கேட்டாராம். “அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, கண்ண மூடித் தூங்குங்க” என்றாராம் அவர். “தெரியாமத்தான் தூங்க முடியும்” என்று அக்கா சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

இப்போது அவர் இடத்தில் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். புதிய பதிப்புக்கு இனி நான் ஒப்புதல் தர வேண்டும். எனக்கு அவருடைய அறிவில் பாதிகூட இல்லை. சண்டை போடவும் தெரியாது. யாராவது குரலை உயர்த்தினால் என் கருத்தே எனக்குச் சந்தேகமாகிவிடும். நான் நினைப்பது தவறோ என்று மூன்று நாளாக அந்த வரிகளை மீண்டும் மீண்டும் படித்தேன். தவறு இல்லை. அந்தப் பக்கத்தைச் சரிபார்த்த பிறகும் நிரலால் அதில் எழுத முடிகிறது.

தோழர்களே, அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்கிறேன். என் பங்குக்கு வருவது ஒரே ஒரு வேலை. மருந்தளவின் நகல் திரும்ப வரும்வரை இந்தப் பதிப்புக்கு நான் ஒப்புதல் தர மாட்டேன். வந்த அன்றே தருகிறேன். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க மாட்டேன்.

நிறுவனத் தலைவர் அவர்களே, இரங்கல் கூட்டத்தில் இதைப் பேசியது முறையல்ல என்றால் மன்னிக்க வேண்டும். நாளைக் காலை உங்கள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு இதையே மறுபடி கேட்டால், நான் வேறு ஏதாவது சொல்லிவிடக்கூடும். என்னை எனக்குத் தெரியும். ஆகவே, இத்தனை பேர் முன்னால் இப்போது சொன்னதையே என் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி என்னைக் கேட்க வேண்டாம்.