எரியாத சொட்டு மருந்து

செவ்வாய்க்கிழமை காலை அழைப்பு மணி விடாமல் அடித்தது. என் மகள் அக்சிலியாவுக்கு மணியை ஒரு தடவை அடித்துவிட்டுக் காத்திருக்கத் தெரியாது. ஆனால் சூரமங்கலத்து வீட்டுக்கு அவள் சொல்லாமல் வந்தது அதுதான் முதல் முறை. நான் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அன்னாளுக்குப் பார்வை மங்கிய பிறகு சமையல் என் பொறுப்பு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம்.

நான் உபகாரசாமி. நாமக்கல் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் இருபத்தாறு வருடமாக அமிலம், காரம், பஃபர் கரைசல் நடத்துகிறேன்.

அன்னாளுக்குக் கண் அழுத்த நோய். தினம் மூன்று வேளை சொட்டு மருந்து. அந்த மருந்து அமிலக் கரைசலில்தான் கெடாமல் இருக்கும். அங்கே அதன் மூலக்கூறு ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக நிற்கும். ஆனால் கண்ணீர் அமிலம் இல்லையே. அதனால் சொட்டு விழுந்ததும் எரியும்.

"ஏனுங்க, மொளகாப்பொடி போட்டாப்புல எரியுதுங்க," என்பாள். "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் நடத்துறீங்க. பொண்டாட்டி கண்ணு எரியாம ஒரு மருந்து பண்ணத் தெரியலை."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் செய்து கொடுத்தேன். கல்லூரி ஆய்வகத்தில் பாட்டிலைத் திறந்து, காரம் சேர்த்து, பிஎச் என்ற அமில அளவைக் கண்ணீருக்குச் சமமாகக் கொண்டுவந்தேன். அன்று மாலை ஊற்றியபோது, "அட, தண்ணியாட்டம் இருக்குதுங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பல வருடங்களுக்குப் பிறகு பிடித்தாள்.

அது ஜனவரி. அதற்கு முந்தின வாரம்தான் அவளுக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வரப்போவது தெரிந்தது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளி. அங்கே வாடகைக்கு வீடும் பார்த்து வைத்திருந்தாள். ஒற்றை அறை. ஒரு ஆளுக்குப் போதும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவளோடு வேலை பார்க்கும் சௌந்திரம் டீச்சர்தான், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, போனில் வாழ்த்துச் சொன்னார்.

காரம் சேர்த்தால் அந்த மருந்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் கேட்பீர்கள். தெரியும். புரோட்டான் கழன்றுவிடும், மருந்து மெல்லச் சிதையும். ஒவ்வொரு வருடமும் தேர்வில் அதைக் கேட்கிறேன். ஐந்து மதிப்பெண். குளிர்ச்சியாக வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும். நான் ஜன்னலோரம் வைத்தேன். சேலத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நோயில் வலி கிடையாது. பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். கண் மருத்துவர், "மருந்தை ஒழுங்கா ஊத்துறீங்களா சார்?" என்றார். ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்றேன். அது உண்மை.

ஜூனில் உத்தரவு வந்தபோது இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. பதவி உயர்வு வேண்டாம் என்ற கடிதத்தை நானே எழுதினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினேன். அன்று அவள் நிறைய அழுதாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

அக்சிலியா கோயம்புத்தூரில் கண் வார்டில் நர்ஸ். செவ்வாய்க்கிழமை வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக அம்மாவிடம் போய் செல்போன் விளக்கைக் காட்டிக் கண்ணைப் பார்த்தாள்.

"இப்பத்தானே மருந்து ஊத்துனீங்க?"

"ஏழு மணிக்கு."

"இந்த மருந்துக்குக் கண்ணுமணி குண்டூசித் தலையாட்டம் சுருங்கணும். ஏம்ப்பா சுருங்கலை?"

நான் பதில் சொல்வதற்குள் என் அலமாரியைத் திறந்துவிட்டாள். மாதத்துக்கு ஒன்றாக ஆறு காலி பாட்டில்கள் அங்கே வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் லேபிள். லேபிள் இல்லாத பாட்டிலுக்கு என் ஆய்வகத்தில் மதிப்பெண் கிடையாது. தேதி, பிஎச் அளவு, அதன் கீழே மாதக் கடைசியில் நான் சோதித்து எழுதிய மீதி வீரியம். அக்சிலியா சத்தமாகப் படித்தாள்.

"மார்ச், அறுபது சதவீதம். மே, நாப்பது." பாட்டிலை என் பக்கம் திருப்பினாள். "அளந்து பாத்து ஊத்தியிருக்கீங்க."

சாப்பாட்டு மேசையில் இருந்த அன்னாள் எல்லாவற்றையும் கேட்டாள். எழுந்தாள். நான் கை நீட்டினேன். அவள் சுவரைத் தடவிக்கொண்டே வாசல்வரை நடந்தாள்.

ஆம், தெரிந்தே செய்தேன். ஆனால் அடித்ததில்லை, திட்டியதில்லை. அவள் கண்ணில் எரிச்சல் வர ஒரு நாளும் விட்டதில்லை. இந்த ஆறு மாதமும் அவள் என் தோளைப் பிடித்துத்தான் மாதா கோயிலுக்கு வந்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்ததே இல்லை.

வலது கண்ணில் இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கிறதாம். சரியான மருந்து ஊற்றினால் அது நிற்குமாம். உங்கள் ஜீப்பில் ஏறும்போது அக்சிலியாவிடம் அதைப் பற்றித்தான் பேசினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது. நான் சொன்னது இவ்வளவுதான்:

"கடை மருந்து எரியும் சாமி. எரியாம ஊத்த என்னை விட்டா அம்மாவுக்கு யாரு இருக்கா?"