கள்ளில் பொங்கிய மாவு

– இன்னாத்துக்கு மேரி இத்தினி பன்னு? ஊட்ல நானும் அவரும் ரெண்டே பேரு.

– தெருவுக்கே குடு குப்பக்கா. முன்ன ஜெபக்கூட்டத்துக்கு சுட்டா மொத தட்டு உன் ஊட்டுக்குத்தானே வரும்.

– அப்ப பக்கத்துல ரயில்வே லைன் ஊட்ல இருந்த. அரக்கோணத்துக்கு மாத்தலாயி போனவ ஆறு வருசமா ஒரு லெட்டர் போட்டியா? ஆனா தா பாரு, உன் கை மாறவேயில்ல. பஞ்சு மாரி கீது. அதே மண்ணெண்ண டின்னுலதான் சுடறியா?

– அதேதான்க்கா. அடியில மணலு, மேல தட்டுல தணலு. ரயில் கார்டு ஊட்டு தொரசாணி சொல்லிக்குடுத்த மாரியே.

– மாவு பொங்கறதுக்கு?

– முன்ன மாரி கள்ளு இல்லக்கா. மெட்ராசுல ஈஸ்டுன்னு விக்கிறாங்க, அது.

– ஏன், இப்பத்தான் கள்ளுக்கடையே தொறந்துட்டாங்களே! கவர்மென்டே போர்டு மாட்டி வெச்சிக்கீது. தடையிருந்தப்ப ஒரு சொம்பு கள்ளுக்கு எங்காளு ஆறு மாசம் ஜெயில்ல கெடந்தாரு. இன்னிக்கு அவனவன் பஜார்ல நின்னுக்கினு குடிக்கிறான்.

– சடையப்பண்ணன் இப்ப மரம் ஏறலையா?

– லைசன்சு எடுத்து ஏறுன்னு நாலு பேரு சொன்னாங்க. பாள சீவுற கத்திய கையால தொடமாட்டேன்னிட்டாரு. செங்கல் சூளையில கல்லு சொமக்கிறாரு. அட, இன்னா மேரி, இப்ப இன்னாத்துக்கு அழுவுற?

– அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன். அந்தப் பங்குனியில கடைசியா எங்க ஊட்ல கூட்டம் வெச்சோமே, ஞாபகம் கீதா?

– மறுநா வெடிகாலையிலதானே அவர புடிச்சிக்கினு போனாங்க. மறப்பனா?

– அன்னிக்கு ஒரு புது அம்மா வந்திருந்தாங்க. ரெண்டு பன்னு தின்னுட்டு, மெட்ராஸ் பேக்கரியில கூட இப்டி கெடைக்காது, மாவுக்கு இன்னாம்மா போட்டேன்னு கேட்டாங்க. அத்தினி பேரு முன்னாடி என்ன அப்டி புகழ்ந்தாங்கக்கா. எனக்குத் தல கால் புரியல.

– இன்னா சொன்ன?

– அன்னன்னிக்கு எறக்கின கள்ளு ஒரு ஆழாக்கு ஊத்துவேன், எங்க சடையப்பண்ணன் கொண்டாந்து குடுக்கும்னு சொன்னேன். குளத்தங்கரப் பனைன்னு மரத்தைக் கூட சொன்னேன்.

– யாரு அந்தம்மா?

– புதுசா வந்த எஸ்.ஐ. சம்சாரம். அவங்க போனப்புறந்தான் எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு. அப்பவே உங்கிட்ட ஓடி வந்திருக்கணும். பொம்பளைங்க பேச்சு, இத போயி எங்க சொல்லப் போறாங்கன்னு பாத்திரம் கழுவிக்கினு இருந்துட்டேன். வெடிஞ்சி பாத்தா மரத்தடியில போலீசு.

– அன்னிக்குப் பூரா என் பக்கத்துலயே உக்காந்துக்கினு அழுதியே மேரி. என் கையப் புடிச்சிக்கினு.

– வாய் வரைக்கும் வந்துச்சிக்கா. சொன்னா நீ என் மொகத்துல முழிக்கமாட்டியேன்னு பயம். மாத்தல் வந்ததும் தப்பிச்சேன்னு போயிட்டேன். அங்க ஒரு கூட்டத்துக்குக் கூட நான் பன்னு சுடல. மாவு பொங்குற வாசன வந்தாலே எழுந்து வெளிய போயிடுவேன். இப்ப உனக்காகத்தான் சுட்டேன். என்ன அடிச்சிடு. காறித் துப்பு.

– இரு. வேற யாரும் போலீசுல போயி சொல்லலையா? நெசமா?

– வேற யாருக்கா சொல்லுவாங்க?

– எங்கண்ணன் முனுசாமி. அந்தப் பன நிக்குற நெலம் எங்க நைனா எனக்கு எழுதி வெச்சது. அதுல அவனுக்கும் எங்காளுக்கும் சண்ட. உன்ன உள்ள தள்ளுறேன் பாருடான்னு அந்த வாரந்தான் கத்திட்டுப் போனான். அவனத் தவிர வேற யாருன்னு நெனச்சேன்.

– ஐயோ, ஆண்டவரே.

– பொங்கலுக்கு சீர் எடுத்துக்கினு வந்தான். நான் இல்ல குப்பு, நம்ம அம்மா மேல சத்தியம்னு வாசல்ல நின்னு அழுதான். கூடையோட தூக்கித் தெருவுல கொட்டினேன். அரிசி, வெல்லம், மஞ்சக்கொத்து எல்லாம் மண்ணுல. அடுத்த ரெண்டு பொங்கலுக்கும் வந்தான். கதவத் தொறக்கல. அப்புறம் நெலமே வேணாம்னு பொதட்டூர்பேட்டைக்கு, பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டான்.

– எழுந்திரு அக்கா. இப்பவே போவலாம், திருத்தணி பஸ் புடிச்சா சாயங்காலத்துக்குள்ள போயிடலாம். அவரு கால்ல உழுந்து நானே சொல்றேன், எல்லாம் என் வாயாலதான்னு. உன்ன மன்னிச்சிடச் சொல்லி நான் கேக்குறேன். எழுந்திரு.

– போன ஆடியில அங்கேர்ந்து ஆள் வந்துச்சி மேரி. உங்கண்ணனுக்கு மூச்சு இழுத்துக்கினு கீது, உன் பேர சொல்லிக்கினே கீறாரு, ஒரு தபா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போன்னு. நான் போவல. சாவுக்குங்கூடப் போவல.