இருபத்து மூணாவது வரிசை

பேனாவ மூடி வையிங்க தம்பி. கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லல. எங்க வீட்டுக்காரக போன விமானத்தப் படமா எடுக்குறீங்க, அவுக பேரப் போடணும்னா நான் சம்மதிக்கணும், புரியுது. ஆனா உங்க டைரக்டர் குடுத்துவிட்ட கதைய வரி விடாமப் படிச்சுட்டேன்ல? அதப் பத்திப் பேசாம எப்புடி? டீயக் குடிங்க, ஆறுது.

இந்தா, பத்தாம் பக்கம். கெளம்புறப்ப ரெண்டு எஞ்சினு. மேல போனதும் தீப்பிடிக்குறது மூணாவது எஞ்சினு. அத வழியில ஏத்திக்கிட்டாகளோ?

சிரிக்காதீங்க. ரெண்டு வருசமா விமானம் விழுகுற படம் ஒன்னு பாக்கியில்ல. எம்மக அப்சானா லேப்டாப்புல போட்டுக் குடுப்பா, நிறுத்தி நிறுத்திப் பாப்பேன். எல்லாம் ஒரே லட்சணந்தேன். ஜன்னலுக்கு வெளிய வெயிலு, கண்ண மூடித் தொறந்தா இருட்டு, மறுபடி வெயிலு. ஒருத்தி மூக்குல மாஸ்க்கு மாட்டியிருப்பா, வசனம் பேசணும்னதும் மாஸ்க்கயே காணோம். பிளேனு தலகீழாப் போகுது, பைலட்டு தொப்பி மட்டும் ஆணியடிச்ச மாதிரி நிக்குது. ஒருத்தன் எந்திரிச்சுப் போயி அம்புட்டு ஒசரத்துல கதவத் தொறக்குறான். உள்ள இருக்குற காத்தழுத்தத்துக்குப் பத்து பயில்வான் சேந்தாலும் அது அசையாதாம். நீங்களும் அதயேதேன் எழுதி வச்சிருக்கீங்க.

அப்பறம் போனு! நடு ஆகாசத்துல நின்னுக்கிட்டு பொண்டாட்டி கூட அஞ்சு நிமிசம் பேசுறான். இங்க காளவாசல்ல எங்க வீட்டு மாடிலயே டவரு கெடைக்க மாட்டேங்குது. தரைக்குக் கிட்ட எறங்குனாத்தேன் லேசாக் கெடைக்கும். எழுதிக்கங்க.

கதையில எங்க வீட்டுக்காரக, அப்சானா அத்தா, சூட்கேஸத் தள்ளிக்கிட்டு வாராகளாம். அட்டப்பெட்டி தம்பி, அட்டப்பெட்டி! கயித்தப் போட்டு இறுக்கி, நாலு பக்கமும் பேரு, ஊரு, போன் நம்பரு. நான் ஏர்போர்ட்டுல ஓடியாந்து விழுந்து அழுகுறேனாம். அவுக மௌத்தான சேதி வந்ததுல இருந்து நாலு மாசம் பத்து நாளு வீட்டுக்குள்ளயே இத்தா இருந்தேன், வாசப்படி தாண்டல. தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லியிருப்பாகளே, கேக்கணும்னு தோணலயா?

அட, அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? எல்லாத்தயும் மாத்திருவீங்களா? சரி, சந்தோசம்.

இல்ல, இன்னும் ஒன்னு இருக்கு. கடைசி எட்டு நிமிசம். எல்லாரும் கத்துறாகன்னு எழுதியிருக்கீங்க. அது சரிதேன், விசாரணை ரிப்போட்டுலயும் எட்டு நிமிசம்தேன். அதுல இருபத்து மூணாவது வரிசையில, ஜன்னலோரத்துல, ஒருத்தர மட்டும் தூங்க வச்சுருங்க. துண்டப் போத்திக்கிட்டு, வாயத் தொறந்துக்கிட்டு. கடைசி வரைக்கும் முழிக்க வேணாம்.

தப்புத்தேன். எனக்குத் தெரியாதா தம்பி? அந்த எட்டு நிமிசத்துக்குள்ளதேன அவுக நம்பருல இருந்து எனக்கு மிஸ்டு காலு வந்துச்சு. மிக்சி ஓடுன சத்தத்துல எனக்குக் கேக்கல.

அம்புட்டு படம் பாத்துட்டேன், ஒன்னுலயும் ஒருத்தரும் தூங்கல. எத்தனையோ தப்பு போடுறீங்க, இது ஒன்ன எனக்காகப் போடுங்க.

பேனாவக் குடுங்க. எந்த எடத்துல போடணும்?